மலைப் பள்ளிகளில் நடத்தைப் பகுப்பாய்வு வேலை: பதவிப் பெயர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி, உதகைப் பக்கத்துப் பள்ளிகளில் இந்த வேலையைச் செய்துவருகிறேன். அப்ளைடு பிஹேவியர் அனாலிசிஸ், சுருக்கமாக ஏ.பி.ஏ., படித்துவிட்டு ஊர் திரும்பும் பிள்ளைகள் முதலில் கேட்பது சம்பளம்; அடுத்ததாக, "என்ன பெயரில் சேர்வது?" சம்பளத்தைவிட இந்த இரண்டாவது கேள்வியில்தான் சிக்கல் அதிகம். திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நீலகிரியை மனத்தில் வைத்து எழுதியது; கொடைக்கானல் பக்கமும் நிலைமை ஏறக்குறைய இதுதான்.

என் வேலையைத் தலைமையாசிரியருக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது?

தியரியை விட்டுவிடுங்கள். அவருக்குத் தெரிந்த ஒரு பையனிலிருந்து தொடங்குங்கள். மூன்றாம் வகுப்பில் ஒருவன் கணக்கு பீரியடில் மட்டும் நோட்டைத் தூக்கி எறிகிறான் என்று வைத்துக்கொள்வோம். டீச்சர் வெளியே நிற்க வைக்கிறார். மறுநாளும் எறிகிறான். கணக்கிலிருந்து தப்பிக்கத்தான் எறிகிறான் என்றால், வெளியே நிற்பது அவனுக்குத் தண்டனை ஆகாது, கேட்டது கிடைத்ததாகத்தான் அர்த்தம். எறிவதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, எறிந்த பிறகு என்ன கிடைத்தது என்று சில நாள் உட்கார்ந்து பார்த்துக் குறித்தால் இது தெரிந்துவிடும். குழந்தைகள் ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்வதற்கு நாங்கள் பொதுவாக நான்கு காரணங்களைத் தேடுவோம்: யாராவது கவனிக்க வேண்டும், ஒன்றிலிருந்து தப்ப வேண்டும், ஒரு பொருளோ விளையாட்டோ வேண்டும், அல்லது அந்தச் செயலே உடலுக்கு இதமாக இருக்கிறது.

காரணம் பிடிபட்டால், "கொஞ்சம் ஓய்வு வேண்டும் மிஸ்" என்று கேட்க அவனுக்குக் கற்றுத் தரலாம். பத்துக் கணக்கை ஐந்து, ஐந்தாகப் பிரித்துக் கொடுக்கலாம். பிறகு எறிவது குறைகிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். குறையவில்லை என்றால் நம் கணிப்பு தவறு; மறுபடி பார்க்க வேண்டும். இந்த எண்ணிப் பார்க்கும் பழக்கம்தான் இந்தத் துறையின் உயிர்நாடி. பேர், உல்ஃப், ரிஸ்லி என்ற மூவர் 1968-இல் எழுதிய கட்டுரையிலேயே இது அழுத்திச் சொல்லப்பட்டிருக்கிறது. தலைமையாசிரியரிடம் அந்த மூவரைப் பற்றிப் பேச வேண்டாம். "காரணம் கண்டுபிடிப்பேன், டீச்சரால் செய்ய முடிகிற இரண்டு மூன்று மாற்றம் சொல்வேன், பலன் இருக்கிறதா என்று மாதக் கடைசியில் காட்டுவேன்" என்றால் போதும்.

"நடத்தைப் பகுப்பாய்வாளர்" என்றே கதவில் எழுதிக்கொள்ளலாமா?

தாராளமாக எழுதலாம். ஆனால் அந்தக் கதவைத் தட்ட யாரும் வரமாட்டார்கள். மாற்றுச் சான்றிதழில் மாணவரின் நடத்தை பற்றி ஒரு வரி இருக்கிறதே, நடத்தை என்றதும் நம் ஊர்ப் பெற்றோர் நினைப்பது அதைத்தான். "உங்கள் பிள்ளையை நடத்தைப் பகுப்பாய்வாளர் பார்க்க வேண்டும்" என்று டைரியில் எழுதி அனுப்பினால், பிள்ளை என்ன தப்பு செய்தான் என்று அப்பா தேயிலை பறிப்பை விட்டுவிட்டு ஓடிவருவார். குழந்தைகளும் "அந்த ரூமுக்குப் போனவன்" என்று ஒருவனைத் தனியே பிரித்துவிடுவார்கள்.

அதனால் கதவுக்கு ஒரு பெயர், பணி ஆணைக்கு ஒரு பெயர் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். கதவில் "மாணவர் ஆதரவு மையம்" அல்லது வெறுமனே "லேர்னிங் சப்போர்ட்". பணி ஆணையிலும் பயோடேட்டாவிலும் "பிஹேவியர் அனலிஸ்ட்". இரண்டில் எதுவும் பொய்யாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அடுத்த வேலைக்குப் போகும்போது பணி ஆணையைத்தான் கேட்பார்கள்; கதவைக் கழற்றிக்கொண்டு போக முடியாது.

ஸ்பெஷல் எஜுகேட்டர் என்று போட்டுக்கொண்டால் வேலை சுலபமாகக் கிடைக்கிறதே?

கிடைக்கும். ஆனால் ஆர்.சி.ஐ. பதிவு இல்லாமல் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆர்.சி.ஐ. என்பது இந்திய மறுவாழ்வு கவுன்சில்; அதற்கான சட்டம் 1992-இல் வந்தது. மறுவாழ்வுத் துறை வல்லுநர்கள் யார் யார் என்று அது வகைப்படுத்துகிறது; மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர், மருத்துவ உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர் எல்லாம் அதில் வருகிறார்கள். அங்கீகரித்த படிப்பும் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயரும் இல்லாமல் அந்தத் தொழிலைச் செய்தால், 13-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத் தொகையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். வழக்கு என்று ஒன்று வந்தால் இந்த மலையில் பிறகு எந்தப் பள்ளியும் உள்ளே விடாது. எல்லாத் தலைமையாசிரியர்களுக்கும் எல்லாரையும் தெரியும்.

ஏ.பி.ஏ. படிப்பு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அது ஆர்.சி.ஐ. பதிவுக்கு ஈடாகாது. இரண்டும் வேண்டும் என்றால் சிறப்புக் கல்வியில் பி.எட். சேர்த்துப் படியுங்கள். மலையிலிருந்து இறங்கினால் பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வளாகத்தில் இருக்கிறது. சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான தேசிய நிறுவனம், நீப்மெட் என்பார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. நம் அரசுப் பள்ளிகளில் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி ஆசிரியர்களையும் "சிறப்பாசிரியர்" என்றே சொல்கிறார்கள். மனுவில் அந்தச் சொல்லை மட்டும் எழுதினால் உங்களைத் தையல் டீச்சர் என்று நினைக்க எல்லா நியாயமும் இருக்கிறது.

சைக்காலஜிஸ்ட்? தெரபிஸ்ட்? கவுன்சலர்?

"கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்" என்பது மேலே சொன்ன சட்டத்துக்குள் வருகிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் அதற்கு வரையறை தருகிறது. தொட வேண்டாம். "பிஹேவியர் தெரபிஸ்ட்" என்று பல மையங்களில் போட்டுக்கொள்கிறார்கள். பள்ளிக்குள் அந்தப் பெயர் வந்தால், குழந்தையைத் தனி அறைக்கு அழைத்துப்போய் "சரிசெய்து" அனுப்பும் ஆள் என்ற எதிர்பார்ப்பும் கூடவே வருகிறது. நம் வேலையில் பாதிக்கு மேல் வகுப்பறையை மாற்றுவது. அதனால் எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை. கவுன்சலர் என்றால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் காதல் தோல்வியைச் சொல்ல வருவார்கள். கேட்கத் தெரிந்தால் நல்லதுதான், ஆனால் அதற்குப் பயிற்சி வேறு.

பிஹேவியர் அனலிஸ்ட் என்ற பெயருக்கு இந்தியச் சட்டத்தில் இடமே இல்லையா?

இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய சுகாதாரம் சார்ந்த தொழில்களுக்கான ஆணையச் சட்டத்தின் அட்டவணையில், நடத்தை நலம் சார்ந்த தொழில்களின் கீழ், "பிஹேவியரல் அனலிஸ்ட்" என்று பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார்கள். உளவியலாளர், சமூகப் பணியாளர் எல்லாம் அதே வரிசையில் வருகிறார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மட்டும் ஆர்.சி.ஐ. பக்கமே இருக்கிறார்.

சட்டத்தில் பெயர் இருப்பதும் உங்களுக்குப் பதிவு கிடைப்பதும் ஒன்றல்ல. இந்தச் சட்டம் படிப்பை மணிக்கணக்கில் அளக்கிறது: சுகாதாரத் தொழில் வல்லுநர் என்றால் மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் குறைந்தது 3,600 மணி நேரப் பட்டப்படிப்பு, சுகாதாரம் சார்ந்த தொழிலர் என்றால் இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரம். ஆகவே பாடத்திட்டம், பயிற்சி நேரத்தைக் காட்டும் கடிதம், மேற்பார்வையாளர் கையெழுத்திட்ட பதிவுகள் எல்லாவற்றையும் இப்போதே பத்திரப்படுத்துங்கள். ஆறு வாரச் சான்றிதழை வைத்துக்கொண்டு "அனலிஸ்ட்" என்று போட்டுக்கொண்டவர்களுக்கு இந்த மணிக்கணக்கைத் தாண்டுவது கஷ்டம்.

பி.சி.பி.ஏ. எடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

பி.சி.பி.ஏ. என்பது நடத்தைப் பகுப்பாய்வாளருக்கான அமெரிக்கச் சான்று. இந்தியாவில் இருந்துகொண்டு புதிதாக எடுக்க முடியாது. அமெரிக்காவில் 1998-இல் தொடங்கிய பி.ஏ.சி.பி. என்ற சான்றளிப்பு வாரியம், 2023 ஜனவரி முதல் இந்தியாவில் வசிப்பவர்களின் புதிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை. ஏற்கெனவே வாங்கியவர்கள் புதுப்பித்து வைத்துக்கொள்கிறார்கள். இன்றும் "பி.சி.பி.ஏ. பாடத்திட்டம்" என்று விளம்பரம் வருகிறது. பாடத்திட்டம் அதுவாக இருக்கலாம், தேர்வு எழுத முடியாது. பணம் கட்டும் முன் இதை நேராகக் கேட்டுவிடுங்கள்.

அதற்குப் பதிலாக இந்தியாவில் பலர் எடுப்பது க்யூ.ஏ.பி.ஏ. வாரியத்தின் க்யூ.பி.ஏ., அல்லது ஐ.பி.ஏ.ஓ. என்ற சர்வதேச அமைப்பின் ஐ.பி.ஏ. இரண்டுமே தேர்வும் மேற்பார்வையுடன் கூடிய பயிற்சியும் கேட்பவை. இவற்றில் எது இருந்தாலும் அது தொழில்முறைச் சான்று. இந்திய அரசின் உரிமம் ஆகாது. பயோடேட்டாவில் சான்றின் முழுப்பெயரும் வழங்கிய வாரியமும் செல்லுபடியாகும் தேதியும் இருக்கட்டும். காலாவதியான எழுத்துகளைப் பெயருக்குப் பின்னால் வைத்துக்கொண்டு திரிவது இந்தத் துறையில் மரியாதையைக் கெடுக்கும்.

நான் நாற்பது மணி நேரப் பயிற்சிதான் முடித்திருக்கிறேன். எந்தப் பெயர் பொருந்தும்?

"பிஹேவியர் டெக்னீஷியன்" அல்லது "உதவிப் பயிற்றுநர்". ஆர்.பி.டி. என்ற அமெரிக்கச் சான்றுக்கே 40 மணி நேரப் பயிற்சி ஆரம்பப்படிதான். அதன் பிறகு திறன் சோதனை, தேர்வு, அதற்கும் பிறகு மேற்பார்வையாளர் இல்லாமல் வேலை செய்யக் கூடாது என்ற விதி. ஒருவர் எழுதிய திட்டத்தைப் பிசகாமல் நடத்துவதே பெரிய திறமை, அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் திட்டம் எழுதும் பொறுப்பைப் பள்ளி உங்கள் தலையில் கட்டினால், "என் மேற்பார்வையாளர் யார்?" என்று முதலில் கேளுங்கள். மலையில் ஆள் இல்லை என்றால் வீடியோ வழியாக வாரத்துக்கு ஒருமுறை பார்க்கிற ஒருவரையாவது பிடியுங்கள். அந்தச் செலவை யார் ஏற்பது என்பதும் பணி ஆணையில் வரட்டும்.

அமெரிக்க வேலை விளம்பரங்களில் வேறு வேறு பெயர் வருகிறதே. எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. "பிஹேவியர் ஸ்பெஷலிஸ்ட்" என்றால் பெரும்பாலும் பல பள்ளிகளுக்குச் சென்று திட்டம் எழுதுபவர்; சில மாநிலங்களில் ஆசிரியர் உரிமம் கேட்பார்கள், சிலவற்றில் பி.சி.பி.ஏ. "பிஹேவியர் இன்டர்வென்ஷனிஸ்ட்" என்றால் வழக்கமாக ஒரு குழந்தையோடு அல்லது சிறு குழுவோடு நேரடியாக வேலை செய்பவர். "பி.பி.ஐ.எஸ். கோச்" என்பவர் தனிக் குழந்தையைவிட முழுப் பள்ளியின் நடைமுறையையும் பார்ப்பவர். ஸ்பெஷலிஸ்ட் என்ற சொல்லைப் பார்த்து மேல்பதவி என்று நினைக்க வேண்டாம். பணி விவரத்தைப் படித்தால்தான் தெரியும்.

அங்கே இத்தனை பதவிகள் முளைத்ததற்குக் காரணம் சட்டம். ஐ.டி.இ.ஏ. எனப்படும் அவர்களுடைய மாற்றுத்திறன் கல்விச் சட்டத்தில் 1997-இல் வந்த திருத்தம், ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாகும் மாற்றுத்திறன் மாணவர்களின் விஷயத்தில் நடத்தையின் காரணத்தை ஆராய்ந்து திட்டம் வகுக்கச் சொல்கிறது. நம் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உள்ளடக்கிய கல்வியையும் தேவையான உதவிகளையும் கேட்கிறது, ஆனால் நடத்தைப் பகுப்பாய்வாளரை வை என்று பள்ளியிடம் சொல்லவில்லை. அதனால் இங்கே நாமேதான் இடத்தை உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

எந்த மாதிரிப் பள்ளியில் என்ன பெயருக்கு இடம் இருக்கிறது?

மலையில் பள்ளிகள் ஒரே மாதிரி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரே பஸ் ரூட்டில் லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் உறைவிடப் பள்ளியும் இருக்கிறது, இரண்டு ஆசிரியர் மட்டும் உள்ள எஸ்டேட் பள்ளியும் இருக்கிறது.

உதகை, கொடைக்கானல் உறைவிடப் பள்ளிகளில் வெளிநாட்டுப் பாடத்திட்டம் நடத்துபவை சில உண்டு. கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் 1901-இல் தொடங்கியது, ஐ.பி. (இன்டர்நேஷனல் பேக்கலோரியட்) பாடத்திட்டம்; குன்னூரில் 1899-இல் தொடங்கி இப்போது உதகையில் இருக்கும் ஹெப்ரான் பிரிட்டிஷ் முறை. ஐ.பி. பள்ளிகள் உள்ளடக்கிய கல்விக்கு எழுத்துப்பூர்வமான கொள்கை வைத்திருக்க வேண்டும். இந்த வகைப் பள்ளிகளில் "லேர்னிங் சப்போர்ட்" என்ற துறையும், பிரிட்டிஷ் முறையில் "சென்கோ" என்ற சிறப்புத் தேவைக் கல்வி ஒருங்கிணைப்பாளர் பதவியும் பழகிய பெயர்கள். அங்கே விண்ணப்பிக்கும்போது அந்தப் பெயரிலேயே நுழைந்து, நடத்தைப் பகுப்பாய்வை உங்கள் தனித்திறமையாகக் காட்டுவது புத்திசாலித்தனம்.

உறைவிடப் பள்ளி பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அங்கே பாதிப் பிரச்சினை வகுப்பில் நடப்பதில்லை. மாலைப் படிப்பு நேரம், விளக்கணைக்கும் நேரம், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போன் பேசிய பிறகு வரும் ஒரு மணி நேரம், இவைதான் விளையும் இடம். டார்மிட்டரிக்குள் போய்ப் பார்க்கவும் வார்டன்களுக்குப் பயிற்சி தரவும் உங்கள் பதவிக்கு அதிகாரம் உண்டா என்று நேர்முகத்திலேயே கேளுங்கள். காலை எட்டு முதல் மாலை மூன்றரை வரை மட்டும் அனுமதி என்றால், கையைக் கட்டிப்போட்டு வேலை வாங்குகிறார்கள்.

சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். அங்கீகார விதிகள் ஸ்பெஷல் எஜுகேட்டர் ஒருவரையும் கவுன்சலர் ஒருவரையும் கேட்கின்றன. சில நிர்வாகங்கள் உங்களைப் பார்த்ததும், "நீங்கள் இரண்டுமே" என்று மகிழ்ந்துபோய் ஆய்வுப் பட்டியலில் எழுதிவிடும். தகுதி இல்லாத பதவியில் உங்கள் பெயர் போகிறதா என்று எழுத்தரிடம் விசாரித்து வையுங்கள். போனால், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

சிறிய மெட்ரிக் பள்ளிகளில் பதவியே இருக்காது. வாரம் ஒரு நாள், மூன்று பள்ளி சேர்ந்து ஒருவர் என்று பேசிப் பாருங்கள், நடக்கிறது.

அரசுப் பள்ளிகளில் இந்த வேலைக்கு மிக அருகில் இருப்பவர்கள் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வட்டார வள மையங்களில் தொகுப்பூதியத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநர்கள். தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புத் தேவைக் குழந்தைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்ன விகிதம் இருக்கிறது. ஒரு பயிற்றுநர் ஒரே வாரத்தில் எத்தனை பள்ளிக்குப் பஸ் ஏறுகிறார் என்று கூடலூரிலோ குந்தாவிலோ விசாரித்துப் பாருங்கள், விகிதத்துக்கும் நிஜத்துக்கும் உள்ள தூரம் விளங்கும். நமக்கென்று தனிப் பதவி அங்கே இல்லை. ஆனால் அந்தப் பயிற்றுநர்களுக்குத் துணையாகப் பயிற்சி கொடுப்பவராகப் போகலாம். அவர்கள் இடத்தைப் பிடிக்க வந்தவர் போல் மட்டும் பேசிவிடாதீர்கள்.

பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகள் சில பருவங்களில் வராமல் போவதை "நடத்தைப் பிரச்சினை" என்று படிவத்தில் எழுதாதீர்கள். அது பள்ளியின் நாட்காட்டிக்கும் அவர்கள் வாழ்க்கைக்கும் உள்ள பிரச்சினை.

"ஷேடோ டீச்சர்" வேலைதான் இருக்கிறது என்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

ஒரே குழந்தைக்குத் துணையாக வகுப்பில் கூடவே இருக்கும் வேலை அது. ஆரம்பத்துக்கு ஒத்துக்கொள்ளலாம். ஒரே குழந்தையோடு ஒரு வருடம் இருந்தால் புத்தகம் சொல்லித் தராததெல்லாம் தெரியவரும். ஆனால் யார் சம்பளம் தருகிறார்கள் என்று பாருங்கள். பெற்றோர் தந்தால் பள்ளிக்கு நீங்கள் வெளியாள். ஆசிரியர் கூட்டத்தில் உட்கார முடியாது, அனுபவச் சான்றும் கிடைக்காமல் போகலாம். பள்ளியே கடிதம் தந்தால் மட்டும் சேருங்கள். அந்தக் கடிதத்தில், குழந்தை தனியாக உட்காரத் தொடங்கினால் உங்கள் வேலை என்னவாகும் என்றும் எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் நீங்கள் வேலையை நன்றாகச் செய்யச் செய்ய உங்கள் வேலை போய்விடும்!

என்னை ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் போட்டுவிட்டார்கள். நல்லதா?

இது எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் நடக்கும். "பிஹேவியர்" என்ற சொல் பதவியில் இருந்தாலே, கிளாஸ் கட் அடித்தவன், செல்போன் கொண்டுவந்தவள், கண்ணாடியை உடைத்தவன் எல்லாரும் உங்கள் வாசலில் வரிசை கட்டி நிற்பார்கள்.

குழுவில் இருப்பதால் ஒரு லாபம் உண்டு: சஸ்பெண்ட் செய்வதற்கு முன் காரணத்தைப் பார்க்கச் சொல்லலாம். நஷ்டம் பெரியது: தண்டனைக் கடிதத்தில் உங்கள் கையெழுத்து விழுந்த நாளிலிருந்து எந்தப் பிள்ளையும் உங்களிடம் உண்மை பேசாது. நடுவழி ஒன்று இருக்கிறது. தகவல் தருபவராக மட்டும் உட்காருவேன், தண்டனை முடிவில் வாக்கும் கையெழுத்தும் இல்லை என்று எழுதிக் கொடுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது என்பதைக் கூட்டத்தில் ஒருமுறை அமைதியாகச் சொல்லி வைப்பதும் நல்லது. முட்டி போட வைப்பதெல்லாம் இன்னும் ஒழியவில்லை.

வீட்டு மொழி தெரியாத குழந்தைகளை எப்படி மதிப்பிடுவது?

படுகர் வீட்டுப் பிள்ளை, கூடலூரில் மலையாளம் பேசும் பிள்ளை, ஜார்க்கண்டிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளை, மூன்று பேரும் ஒரே ஆங்கில வழி வகுப்பில் இருக்கலாம். "சொன்னதைக் கேட்பதில்லை" என்று பரிந்துரை வந்தால், சொன்னது புரிந்ததா என்று முதலில் பாருங்கள். அவரவர் மொழியில் அதே கட்டளையைச் சொல்ல வீட்டாரையோ மூத்த மாணவரையோ கேளுங்கள். புரிந்தும் செய்யவில்லை என்றால்தான் அது நம் மேசைக்கு வர வேண்டும். உங்களுக்குப் படுகு தெரிந்தால் பயோடேட்டாவில் முதல் பக்கத்திலேயே போடுங்கள். சமவெளியிலிருந்து வரும் எந்தச் சான்றிதழும் அதற்கு ஈடாகாது.

ஏ.பி.ஏ. குழந்தைகளைத் துன்புறுத்துவது என்று ஒரு பெற்றோர் சண்டைக்கு வந்தார். என்ன சொல்வது?

அவர் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார், மரியாதையாகப் பேசுங்கள். 1960-களில் லோவாஸ் போன்ற அமெரிக்க உளவியலாளர்கள் அதட்டல், அடி, மின் அதிர்ச்சி வரை பயன்படுத்தியது வரலாறு. லோவாஸின் 1987 ஆய்வில் ஆட்டிசம் உள்ள சின்னக் குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரப் பயிற்சி. கண்ணைப் பார்க்க வற்புறுத்தியது, கையை ஆட்டுவதைத் தடுத்தது தங்களைக் காயப்படுத்தியது என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் சொல்கிறார்கள். அதை மறுத்துப் பேச எனக்கு மனம் வராது.

நான் செய்வதைச் சொல்கிறேன். யாருக்கும் தீங்கு இல்லாத பழக்கத்தை நிறுத்தும் திட்டம் எழுதமாட்டேன். குழந்தைக்கு "வேண்டாம்" என்று சொல்லக் கற்றுத் தருவேன். பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். பதவிப் பெயரிலும் இது தெரிய வேண்டும்: "ஆட்டிசம் நிபுணர்", "குணப்படுத்துபவர்" என்ற வகைப் பெயர்கள் கூடவே கூடாது. இந்த மலையிலேயே அப்படிப் பலகைகள் பார்த்திருக்கிறேன்.

நிரந்தர வேலையா, கன்சல்டன்டா?

ஆரம்பத்தில் ஏதாவது ஒரு பள்ளியில் நிரந்தரம். கை பழகிய பிறகு கன்சல்டன்ட். காரணம் பணம் மட்டும் இல்லை. வாரம் ஒருநாள் வந்து போகிறவருக்குக் குழந்தையின் செவ்வாய்க்கிழமை தெரியாது.

கன்சல்டன்ட் என்றால் ஒப்பந்தத்தில் மலைக்கே உரிய சில வரிகள் வேண்டும். கலெக்டர் மழை விடுமுறை விட்டால் அன்றைய கட்டணம் என்ன ஆகும்? பாதி வழியில் மரம் விழுந்து ரோடு அடைத்தால்? உறைவிடப் பள்ளிகளின் டிசம்பர், ஜனவரி நீண்ட விடுமுறையில் வருமானம் உண்டா? உதகையிலிருந்து கூடலூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான், ஆனால் மூடுபனி நாளில் அரை நாள் போய்விடும். பயண நேரத்தையும் கணக்கில் சேருங்கள். கோவையிலிருந்து வெளி மாவட்டப் பதிவு வண்டியில் வருகிறவர்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேறு. தொழில்முறைக் கட்டணத்தில் பள்ளி 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கலாம், ரசீதில் உங்கள் பதவிப் பெயரும் பணி ஆணையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும்.

பயோடேட்டாவில் எதை முன்னால் வைப்பது?

செய்த வேலையை. "எஃப்.பி.ஏ., பி.ஐ.பி., டி.ஆர்.ஏ." என்று எழுத்துகளை அடுக்கினால் முதல்வர் அடுத்த ஆளின் தாளை எடுத்துவிடுவார். "இரண்டாம் வகுப்பில் தினமும் பலமுறை வகுப்பை விட்டு ஓடிய குழந்தை, ஒரு பருவத்தில் கை உயர்த்தி அனுமதி கேட்கக் கற்றுக்கொண்டது, ஆசிரியரே திட்டத்தைத் தொடர்கிறார்" என்பது போல எழுதுங்கள், உங்கள் சொந்தக் குறிப்பேட்டில் உள்ள எண்களோடு. குழந்தையின் பெயர், வகுப்புப் பிரிவு, ஊர் எதுவும் வேண்டாம். இந்த மலையில் "கோத்தகிரியில் ஆறு வயதுப் பையன்" என்றாலே யாரென்று சொல்லிவிடுவார்கள்.

தனியாக ஒரு குழந்தையோடு அறையில் இருக்க வேண்டியிருக்கிறது. பாதுகாப்பு?

கதவில் கண்ணாடி, அல்லது கதவு திறந்து. காவல்துறை நன்னடத்தைச் சான்றை நீங்களே வாங்கிக் கொடுங்கள், அவர்கள் கேட்கக் காத்திருக்க வேண்டாம். குழந்தை பாலியல் துன்புறுத்தல் பற்றி ஏதாவது சொன்னால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி போலீசுக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டியது உங்கள் கடமையும்தான். நிர்வாகம் பார்த்துக்கொள்ளும் என்பது பதில் ஆகாது.

ஐந்து வருடம் கழித்து எங்கே போவது?

மூன்று பாதைகள் கண்ணில் படுகின்றன. சிறப்புக் கல்விப் பட்டமும் சேர்த்துக்கொண்டவர்கள் ஒரு பள்ளியின் உள்ளடக்கிய கல்வி ஒருங்கிணைப்பாளராக உயர்கிறார்கள். நிர்வாகம், பட்ஜெட், ஆள் தேர்வு எல்லாம் வரும், குழந்தைகளோடு இருக்கும் நேரம் குறையும். சிலர் ஆசிரியர் பயிற்சிப் பக்கம் போகிறார்கள். இன்னும் சிலர் குன்னூரிலோ உதகையிலோ சொந்த மையம் வைக்கிறார்கள். மையம் வைத்தால் பள்ளி வேலையை விட்டுவிடுங்கள் என்பேன். பள்ளியில் பார்க்கும் குழந்தையை மாலையில் உங்கள் மையத்துக்கே பரிந்துரைத்தால், என்ன விளக்கம் சொன்னாலும் ஊர் வேறு மாதிரிதான் பேசும்.

பெற்றோர் என்னை "டாக்டர்" என்று கூப்பிடுகிறார்கள். திருத்த வேண்டுமா?

வேண்டும். "டாக்டர் இல்லைங்க, ஸ்கூல்ல பிள்ளைகளுக்கு உதவி பண்ற மிஸ்" என்றால் போதும். அடுத்த தடவையும் டாக்டர் என்றுதான் வருவார்கள், தூக்கத்துக்கு மருந்து கேட்பார்கள். மறுபடி திருத்திவிட்டு, உதகை அரசு மருத்துவமனையில் எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். சீட்டில் கையெழுத்துக்குக் கீழே பணி ஆணையில் உள்ள பெயரையே எழுதுங்கள்.